அடுக்குமாடி வீட்டின் வாடகை: கொடுக்கும் பணத்திற்குத் தகுந்ததா? திருவனந்தபுரத்தை முன்வைத்து ஒரு கணக்கு

சாலைக் கடைத்தெருவில் கத்தரிக்காய் விலையில் ஐந்து ரூபாய் குறைப்பதற்காகக் கால் மணி நேரம் நின்று பேசுகிற குடும்பத் தலைவர், மாதந்தோறும் தம் வருவாயில் கால் பங்கை எடுத்துக்கொள்ளப் போகும் வீட்டைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். தரகர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுக் காட்டுகிறார். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. வாடகை கொஞ்சம் அதிகமோ என்ற ஐயம் எழும்போதே, வேறு ஒருவர் மாலையில் பார்க்க வருவதாகத் தரகர் சொல்கிறார். அத்துடன் ஆய்வு முடிவடைந்துவிடுகிறது.

மாற்றல் உத்தரவு பெற்று ஒரு புது நகருக்கு வருகிற மத்திய அரசு ஊழியர்களிடம் இதை நான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். நானும் அவ்வாறு செய்தவனே. 1998ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டபோது, நகரின் தாழ்வான பகுதி ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. அதே கட்டடத்தின் இரண்டாம் தளத்தைவிட மாதம் 400 ரூபாய் குறைவு. ஓராண்டில் 4,800 ரூபாய் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டு முன்பணம் கொடுத்தேன். ஐப்பசி மாதத்து மழையில் ஓரிரவு வடிகால் நீர் பின்வாசல் வழியே உள்ளே வந்தது. மெத்தைகள், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் முதுகலை வகுப்புக் குறிப்பேடுகள், அரிசிச் சாக்கு ஆகியன போயின. ஐந்தாம் மாதம் வேறு வீடு மாறினோம். மிச்சமாகியிருந்த தொகை 2,000 ரூபாய்; இழந்தது அதைப் போல் பல மடங்கு. அந்த 400 ரூபாய்க் குறைவு உரிமையாளரின் தாராளமன்று, மழையின் விலை என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

வாடகை எதன் விலை?

நெல்லுக்கும் துணிக்கும் விலை உண்டு. வீட்டுக்கும் விலை உண்டு. ஆனால் வீடு ஒரே பண்டமன்று. சுவர், கூரை, தண்ணீர், வெளிச்சம், அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு, அண்டை வீட்டாரின் குணம், வெள்ள அபாயம் ஆகிய யாவும் சேர்ந்த ஒரு மூட்டை அது. மூட்டைக்கு ஒரே விலை சொல்லப்படுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் விலையும் தனியாகச் சொல்லப்படுவதில்லை. 1974இல் ஷெர்வின் ரோசன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பலவிதப் பண்புகள் கலந்த ஒரு பண்டத்தின் சந்தை விலையிலிருந்து ஒவ்வொரு பண்பின் மறைமுக விலையையும் பிரித்தறியலாம் என்று விளக்கினார். மாணவர்கள் இதைக் கடினமான கணிதமாகப் படிக்கிறார்கள். வீடு தேடுவோர் கணிதமின்றியே இதைச் செய்யலாம்: ஒரே கட்டடத்தில் தரைத்தளத்திற்கும் இரண்டாம் தளத்திற்கும் உள்ள வாடகை வேற்றுமையைக் கேட்டறிந்தால் போதும். மற்ற யாவும் ஒன்றாக இருக்க, தளம் மட்டும் வேறுபடுவதால், அந்த வேற்றுமையே தளத்தின் விலையாகும்.

இடத்தைப் பற்றிய சிந்தனை இதற்கும் மூத்தது. நல்ல நிலத்திற்கும் கடைநிலை நிலத்திற்கும் உள்ள விளைச்சல் வேற்றுமையே வாரமாக மாறுகிறது என்று ரிக்கார்டோ 1817இல் எழுதினார். சந்தையிலிருந்து தொலைவு கூடக் கூட நிலத்தின் வாரம் குறைவதை ஜெர்மானிய நிலக்கிழாரான ஃபான் தூனன் 1826இல் காட்டினார். அதை நகரத்துக் குடியிருப்புகளுக்குப் பொருத்தி வில்லியம் அலோன்சோ 1964இல் நூல் எழுதினார். நகர மையத்தில் வாடகை கூடுதல், போக்குவரத்துச் செலவு குறைவு. புறநகரில் இது தலைகீழ் என்பதே அதன் சாரம்.

திருவனந்தபுரத்தில் இக்கோட்பாடு பாதியளவே பொருந்துகிறது. தலைமைச் செயலகம், பாளையம், தம்பானூர், கிழக்கே கோட்டை என்று ஒரே சாலையில் அமைந்த பழைய மையத்திலிருந்து பட்டம், கேசவதாசபுரம், ஸ்ரீகாரியம் வழியாக வடக்கே செல்லச் செல்ல வாடகை ஒரே சீராக இறங்க வேண்டும். 1990இல் கழக்கூட்டத்தருகே டெக்னோபார்க் நிறுவப்பட்ட பின் நகருக்கு இரண்டாவது மையம் ஒன்று உருவாகிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் வாடகை மீண்டும் ஏறுகிறது. உள்ளூரை ஒட்டிய மருத்துவக் கல்லூரிப் பகுதியில் இன்னொரு மேடு உண்டு. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திற்கும் வரும் நோயாளிகளின் குடும்பத்தினர் நாட்கணக்கில் அறையெடுத்துத் தங்குகின்றனர். நாள் வாடகை பெறக்கூடிய உரிமையாளர், மாத வாடகைக்கு வருபவரிடம் குறைத்துக் கேட்பதில்லை.

இங்குதான் நமது ஆய்வின் மையக் கருத்து இருக்கிறது. சந்தை வாடகை என்பது அந்த இடத்திற்காகப் போட்டியிடும் எல்லோருடைய தேவையையும் ஒட்டி அமைகிறது. நம் தேவை வேறு. செயலகத்தருகே பணிபுரியும் ஒருவர் கழக்கூட்டத்தில் குடியிருந்தால், மென்பொருள் பொறியாளர் நடந்தே வேலைக்குப் போகும் வசதிக்கும் சேர்த்து அவர் வாடகை கொடுக்கிறார்; அவ்வசதியை அவர் ஒரு நாளும் அனுபவிப்பதில்லை. நீச்சல்குளம் உள்ள வளாகத்தில் நீந்தத் தெரியாதவர் கொடுக்கும் பராமரிப்புக் கட்டணமும் இத்தகையதே. ஆகவே ஒரு வாடகை சந்தையில் நியாயமானதாக இருந்தும் நமக்குத் தகாததாக இருக்கலாம்.

ஊதியத்தில் எத்தனை பங்கு?

ஊதியத்தில் 30 சதவீதத்திற்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இவ்விதி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் அதன் எல்லையும் புரியும். அமெரிக்காவில் அரசின் பொதுக் குடியிருப்புகளில் வாழும் ஏழைகளிடம் வருவாயில் 25 சதவீதத்திற்கு மேல் வாடகை வாங்கலாகாது என 1969இல் சட்டம் வகுக்கப்பட்டது. 1981இல் அது 30 ஆக்கப்பட்டது. அரசு ஏழையிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கான வரம்பு அது. ஒரு வீடு அதன் வாடகைக்குத் தகுந்ததா என்ற கேள்விக்கு அது விடையன்று.

மேலும், எல்லா வருவாய்க்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. பெர்லின் நகரின் புள்ளிவிவரங்களை ஆய்ந்த ஹெர்மன் ஷ்வாபே, வருவாய் குறையக் குறைய அதில் வாடகையின் பங்கு கூடுகிறது என்று 1868இல் கண்டார். உணவுச் செலவு பற்றி எங்கல் கூறியதை ஒத்த விதி இது. 30 சதவீதம் போக எஞ்சும் 70 சதவீதம், இரண்டு இலட்சம் வாங்குபவருக்கு ஒன்று, முப்பதாயிரம் வாங்குபவருக்கு முற்றிலும் வேறொன்று.

அரசு ஊழியரின் கணக்கைப் பார்ப்போம். ஆறாம் ஊதிய நிலையில் புதிதாகச் சேரும் ஒருவரின் அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். திருவனந்தபுரம் ‘ஒய்’ வகை நகரம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது, இவ்வகை நகரங்களுக்கான வீட்டுவாடகைப் படி 18 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. அந்த நிலவரப்படி அவருக்கு அகவிலைப்படி 17,700, வீட்டுவாடகைப் படி 7,080. போக்குவரத்துப் படி நீங்கலாக மொத்தம் 60,180 ரூபாய். முப்பது சதவீத விதிப்படி அவர் 18,000 ரூபாய் வரை வாடகை கொடுக்கலாம். ஆனால் அரசு வாடகைக்கென்று தருவது அதில் பாதிகூட இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்திற்காக அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம், அதாவது 5,310 ரூபாய், கைக்கு வருமுன்பே போய்விடுகிறது. வீட்டுவாடகைப் படி ஊதியத்தைத் தொடர்ந்து செல்கிறதேயன்றி உள்ளூர் வாடகையைத் தொடர்வதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கொச்சிக்கும் கொல்லத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் ஒரே விகிதம்தான்.

அரசுக் குடியிருப்பு கிடைத்தவர்கள் வாடகையின்றி வாழ்வதாக நினைக்கின்றனர். அவர்கள் இழக்கும் வீட்டுவாடகைப் படியும், செலுத்தும் உரிமக் கட்டணமும் சேர்ந்ததே அவர்களுடைய உண்மையான வாடகை.

கட்டடத்தின் விலையும் வாடகையும்

வாடகையைக் கட்டடத்தின் மதிப்போடு ஒப்பிடுவது இன்னொரு முறை. நீண்ட காலம் சட்டமே இம்முறையைப் பின்பற்றிற்று. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதமும், குடியிருப்பு அல்லாதவற்றிற்கு 12 சதவீதமும் நியாய வாடகை என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகைக்கென வகுத்திருந்த அளவுகோல்கள் காலத்திற்கு ஒவ்வாதவை என்று கேரள உயர்நீதிமன்றம் 1995இல் அவற்றைச் செல்லாதவையாக்கியது. பம்பாயில் 1940ஆம் ஆண்டு வாடகையிலேயே உறைந்து நின்ற ஏற்பாட்டை உச்சநீதிமன்றம் 1997இல் நியாயமற்றது எனக் கண்டித்தது.

இன்றைய அடுக்குமாடி வீட்டுக்கு 9 சதவீத விதியைப் பொருத்திப் பார்த்தால் வியப்பான விடை வருகிறது. எடுத்துக்காட்டாக, 65 இலட்சம் ரூபாய் விலையுள்ள வீடு ஒன்று 17,000 ரூபாய் வாடகைக்கு வருகிறது என்று கொள்வோம். ஆண்டு வாடகை 2,04,000, விலையில் 3.1 சதவீதம். விலையையே மொத்த மதிப்பாகக் கொண்டு 9 சதவீதம் கணக்கிட்டால் மாத வாடகை 48,750 ரூபாய் ஆக வேண்டும். அப்படியொரு வாடகையைக் கொடுக்க இந்நகரில் எந்தக் குமாஸ்தாவும் முன்வரமாட்டார்.

உரிமையாளர் 3 சதவீத வருவாயுடன் நிறைவடைவது ஏன்? நிலத்தின் விலை உயரும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி வரும்போது குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் மற்றொன்று. வாடகை அவருக்கு மேல்வரவு. இத்தகையோரில் பலர் வீட்டைப் பூட்டியே வைத்திருப்பதும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு கட்டடம் ஆளின்றிக் காலியாக இருந்தது. குடியிருப்பவரை வெளியேற்றுவது கடினம் என்ற அச்சமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. காலி வீடுகள் பூட்டிக் கிடக்க, தேடுவோருக்கு வீடு கிடைக்காத விந்தை இங்கே நிலவுகிறது.

குடியிருப்போர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எல்லா அடுக்குமாடி வீட்டின் வாடகையும் மலிவாகவே தோன்றும். ‘65 இலட்சம் ரூபாய் வீடு, வெறும் 17,000’ என்று தரகர் கூறும்போது அவர் உண்மையையே கூறுகிறார். அவ்வுண்மையால் நமக்குப் பயனில்லை. நாம் அந்த வீட்டை வாங்கப் போவதில்லை. வேறொரு வீட்டில் குடியிருக்க முடியுமா என்பதே நமக்குள்ள மாற்று வழி.

இரு வீடுகள், மூன்றாவதாக ஒரு ரயில்

என் அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். ஈராண்டுகளாக நாள்தோறும் ரயிலில் வந்து போனவர். மகள் முதல் வகுப்பில் சேரும் ஆண்டில், குடும்பத்தை இங்கு அழைத்துவர எண்ணி இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். ‘சார், எது லாபம்?’ என்பதே அவர் கேள்வி. அவர் தந்த விவரங்களை முழு எண்களாக்கி, நாங்கள் ஒரு தாளில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். அலுவலகம் ஸ்டாச்சூ சந்திப்பை அடுத்தது.

முதல் வீடு கழக்கூட்டம் பகுதியில், புதிய கட்டடம். வாடகை 12,500, பராமரிப்பு 2,000. அலுவலகத்திற்குப் போகவர 30 கிலோமீட்டர். மாதம் 24 நாள் ஸ்கூட்டரில் சென்றால் பெட்ரோலும் தேய்மானமும் 2,500. பள்ளி வேன் 1,500. ஆக 18,500 ரூபாய். இரண்டாவது வீடு பட்டத்தில், பழைய கட்டடத்தின் மேல்தளம். வாடகை 17,000, பராமரிப்பு 1,200, போக்குவரத்து 650, பள்ளிக்கு நடந்தே போகலாம். ஆக 18,850. வாடகையில் 4,500 ரூபாயாக இருந்த இடைவெளி 350 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து முன்பணம். முதல் வீட்டார் மூன்று மாத வாடகையான 37,500 கேட்டனர். இரண்டாம் வீட்டார் ஓர் இலட்சம் கேட்டனர். முன்பணம் திரும்பி வரும் என்பதால் அதைச் செலவாகக் கருதாமல் விட்டுவிடுவது பொதுவான பிழை. வங்கியில் ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி கிடைக்கும் எனக் கொண்டால், நாம் இழக்கும் மாத வட்டி முறையே 203, 542 ரூபாய். ஆக, 18,703க்கு எதிராக 19,392. வேற்றுமை 689.

பட்டத்து வீடு மேல்தளம். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்குகிறது. இந்நகரில் குடியேறிப் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட்டின் இடையே பழைய ஓடுகளைப் பதித்துக் கூரை அமைத்ததும், துளைச் செங்கல் சுவர்களை எழுப்பியதும் செலவைக் குறைப்பதற்காக மட்டுமல்ல, காற்றுக்கும் நிழலுக்குமாகவே. உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் நண்பகலில் சென்று நின்றால் இது தெரியும். வாடகைக்கு இருப்பவர் கூரையை மாற்ற முடியாது. குளிர்சாதனப் பெட்டியைத்தான் ஓடவிட முடியும். கேரள மின்கட்டண முறையில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த ஒற்றை விகிதம் விதிக்கப்படுகிறது. கோடையின் நான்கு மாதங்களில் மாதம் 1,200 கூடுதல் என்று மதிப்பிட்டு, ஆண்டு முழுதும் பரப்பி 400 சேர்த்தோம்.

பட்டத்து வீட்டுக்குத் தரகர் ஒரு மாத வாடகை கேட்டார். கழக்கூட்டத்து வீடு நண்பர் வழியாக வந்தது, தரகில்லை. 17,000 ரூபாயை மூன்றாண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் 472. பதினோரு மாதத்தில் மாறிவிட்டால் மாதம் 1,545. எத்தனை காலம் தங்கப் போகிறோம் என்பது வாடகையையே மாற்றிவிடுகிறது என்பதைப் பலரும் உணர்வதில்லை. மூன்றாண்டு தங்கினால் இரு வீடுகளுக்கும் உள்ள மொத்த வேற்றுமை 1,561 ரூபாய்; பதினோரு மாதமே தங்கினால் 2,634.

இவ்வளவும் கொடுத்து அவர் வாங்குவது என்ன? நேரத்தை. கழக்கூட்டத்திலிருந்து ஒரு வழிக்கு 45 நிமிடம், பட்டத்திலிருந்து 15 நிமிடம். நாளொன்றுக்கு ஒரு மணி, மாதத்திற்கு 24 மணி. மூன்றாண்டுக் கணக்கில் ஒரு மணி நேரத்தின் விலை 65 ரூபாய். பதினோரு மாதக் கணக்கில் 110 ரூபாய். பயண நேரத்தை மதிப்பிடும்போது போக்குவரத்துப் பொருளியலார் பெரும்பாலும் ஒருவரது மணி ஊதியத்தின் பாதியை எடுத்துக்கொள்கின்றனர். இவருடைய 60,180 ரூபாயை 192 மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு 313, பாதி 156. அவ்வளவுகோலின்படி பட்டத்து வீடு, அதிக வாடகை இருந்தும், விலைக்குத் தகுந்ததே. ஆனால் 156 என்பது அறிஞர்களின் சராசரி. மாலையில் வீட்டில் செய்ய வேலையில்லாத ஒருவருக்கு அது முப்பதாக இருக்கலாம். அப்போது கழக்கூட்டமே சரி.

தாளை மடிக்கப் போகும்போது அவரே கேட்டார்: ‘நாகர்கோவிலிலேயே இருந்துவிட்டால்?’ நியாயமான கேள்வி. 1979இல் திருவனந்தபுரம்-நாகர்கோவில்-கன்னியாகுமரி ரயில்பாதை திறக்கப்பட்டதிலிருந்து குமரி மாவட்டத்து ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் இக்கேள்விக்கு ரயிலேறியே விடை கூறி வருகின்றனர். சொந்த வீடு; வாடகையில்லை. பருவச் சீட்டும் இருபுறப் பேருந்தும் 1,200 என்று கொண்டால், பட்டத்து வீட்டின் மொத்தச் செலவான 20,264இல் அவருக்கு 19,064 மிச்சம். இழப்பது நாளுக்குக் கூடுதலாக மூன்று மணி, மாதம் 72 மணி. ஒரு மணிக்கு 265 ரூபாய் அவருக்குக் கிடைக்கிறது. 156ஐவிட இது மிக அதிகம். கணக்குப்படி ரயிலே வெல்கிறது. காலை வண்டிகளில் நிற்க இடமில்லாமல் போவதன் பொருளியல் இதுவே.

ஆயினும் அவர் கழுத்தை ஆட்டிவிட்டார். காலையில் அவர் புறப்படும்போது மகள் உறங்குகிறாள், இரவில் திரும்பும்போதும் உறங்கிவிடுகிறாள் என்றார். மணிக்கு 265 ரூபாய்க்கு அந்த 72 மணி நேரத்தை விற்க அவர் இனி உடன்படவில்லை. இதில் பொருளியலுக்கு முரணானது எதுவுமில்லை. ஒரு விலை மறுக்கப்படும்போதுதான் அப்பண்டத்தின் மதிப்பு நமக்குத் தெரியவருகிறது.

நேரில் பார்த்தறிய வேண்டியவை

பரப்பளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஆயிரம் சதுர அடி என்று விளம்பரப்படுத்தும்போது படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை ஆகியவற்றில் நம் பங்கும் சேர்ந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுத்துள்ள கார்ப்பெட் பரப்பு, வெளிச்சுவர்களையும் பால்கனியையும் நீக்கி, உட்சுவர்களைச் சேர்த்து, உள்ளே பயன்படும் தரையை மட்டும் கணக்கிடுகிறது. வாடகையைச் சதுர அடிக்கு வகுத்து ஒப்பிட விரும்புவோர் இப்பரப்பையே அளந்துகொள்ள வேண்டும். அளவு நாடா ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும்.

அறைகலன்களுடன் கூடிய வீட்டுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், கட்டில், குளிர்பதனப் பெட்டி முதலியவற்றின் விலை என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேளுங்கள். ஒன்றரை இலட்சம் ரூபாய்ப் பொருள்கள் எட்டாண்டு உழைத்தால் மாதத்திற்கு 1,560 ரூபாயே ஆகும். ஓராண்டில் மாற்றலாகிப் போகிறவர் 3,000 கொடுக்கலாம். ஐந்தாண்டு தங்குபவர் சொந்தமாக வாங்குவதே நன்று.

தண்ணீரை நண்பகலில் பார்த்துப் பயனில்லை. கேரள நீர் ஆணையத்தின் குழாய்நீர் எந்நேரம் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, வாங்கினால் அச்செலவு பராமரிப்பில் அடங்குமா என்பனவற்றைக் காவலரிடம் விசாரிக்க வேண்டும். சங்கச் செயலாளரைவிடக் காவலர் உண்மையைச் சொல்வார். குப்பையும் அவ்வாறே. விளப்பில்சாலையில் இருந்த மாநகராட்சியின் குப்பை ஆலை 2011 இறுதியில் மூடப்பட்டபின், மக்கும் குப்பையை அடுக்ககங்கள் தத்தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதைச் செம்மையாகச் செய்யும் வளாகமும் செய்யாத வளாகமும் வாசலிலேயே மூக்குக்குத் தெரியும்.

வெள்ளத்தைப் பற்றி நான் சற்று மிகையாக எழுதினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் நகரம் இது. 2023 அக்டோபர் நடுவில் ஓரிரவு பெய்த மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம், உள்ளூர் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தெற்றியாறு கரைபுரண்டதால் டெக்னோபார்க்கை ஒட்டிய புதுக் குடியிருப்புகளும் தப்பவில்லை. நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் ஓடை அடைபட்டால் தம்பானூர் மூழ்குகிறது. அதற்காகவே 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்கள் தூர்வாரப்பட்டன. ஆகவே வெயில் நாளில் வீட்டைப் பார்த்தவர் மழை நாளில் மறுமுறை சென்று பார்க்க வேண்டும். சுற்றுச்சுவரில் நீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மின்தூக்கியின் இயந்திரமும் மின்பலகையும் அக்கோட்டுக்கு மேலா கீழா என்று நோக்க வேண்டும்.

ஒப்பந்தமும் பேரமும்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், நாடெங்கும் பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கமாகிவிட்டது. இது இருபுறமும் செலவை மிச்சப்படுத்துகிறது. குடியிருப்பவரின் உறுதியைக் குறைக்கவும் செய்கிறது. மூன்றாண்டு தங்குவதாகக் கணக்கிட்டு வீடு எடுத்தவர், பன்னிரண்டாம் மாதம் 10 சதவீதம் உயர்த்தக் கேட்டால் என்ன செய்வார்? 17,000 ரூபாய் வாடகை ஆண்டுதோறும் 5 சதவீதம் உயர்ந்தால் மூன்றாம் ஆண்டில் 18,743. 10 சதவீதம் உயர்ந்தால் 20,570. ஆதலால் இன்றைய வாடகையைவிட உயர்வு விகிதத்தை எழுதி வாங்குவதே முக்கியம். முன்பணத்திலிருந்து எவையெவை கழிக்கப்படும், காலி செய்யும்போது வர்ணப்பூச்சு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அது மாதிரிச் சட்டமே. மாநிலம் தனக்கென இயற்றினாலன்றி அதைக் காட்டி உரிமை கோர இயலாது. ஆனால் பேசும்போது மேற்கோள் காட்டலாம்.

பேரத்தில் குடியிருப்பவர் தம் வலிமையை அறிவதில்லை. 17,000 ரூபாய் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் உரிமையாளர் இழப்பது 17,000. அதை ஓராண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் 1,417. இரண்டு மாதமாகப் பூட்டியிருக்கும் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பது உரிமையாளருக்கும் நட்டமில்லாத வேண்டுகோளாகும். மாதந்தவறாமல் ஊதியம் பெறும் அரசு ஊழியருக்கு, வாடகை நிலுவை பற்றிய அச்சம் குறைவு என்ற வகையில், சிறிது விலை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த இளைஞர் பட்டத்து வீட்டை ஒரு மழை நாளில், மனைவியுடன் மீண்டும் சென்று பார்த்தார். படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் ஈரம் கசிந்திருந்தது. அதைக் காட்டியே உரிமையாளரிடம் பேசினார். கசிவைச் சரிசெய்து தருவதாகவும், வாடகையை 16,200 ஆகவும், முன்பணத்தை 75,000 ஆகவும், ஆண்டு உயர்வை 5 சதவீதமாகவும் வைத்துக்கொள்வதாகவும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அவருடைய ஒரு மணி நேரத்தின் விலை இப்போது ஏறத்தாழ 25 ரூபாய்க்கு வந்துவிட்டது. பருவச் சீட்டை அவர் அந்த மாத இறுதி வரை புதுப்பிக்காமல் வைத்திருந்தார்.